உடைத்துப் பார்க்க விட்டீர்களா?

கேள்வி: பள்ளி நாளிலிருந்தே பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் நான். இப்போது மதுரையில் மனை விற்கிறேன். 'ரெண்டே மனைதான் பாக்கி, இன்னைக்கு விட்டா போச்சு' என்று சொல்லச் சொல்வார் மேனேஜர். உண்மையில் பாதி மனை விற்காமல் கிடக்கிறது. போன வாரம் மாட்டுத்தாவணியில் பூக்கட்டும் ஓர் அம்மா, சுருக்குப் பையிலிருந்து எண்ணி எண்ணி 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். எனக்குத் தூக்கமே இல்லை. நன்றாகப் பேசுவது தப்பா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: பேசுவது தப்பில்லை தம்பி. மேனேஜர் சொல்லிக் கொடுத்ததைப் பேச்சுத் திறமை என்று நம்பினீர்களே, அங்கேதான் சறுக்கல்.

நம்ம ஊர் வழக்கையே எடுப்போம். சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பார்த்த காவலர்கள், 'இவன் கொலைக்கு உரியவனாகத் தெரியவில்லையே' என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணையாம். கூடவே ஒரு கதை. பட்டிமன்றமாக இருந்தால் கைதட்டல் பறந்திருக்கும். சிலம்பைச் சோதிப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோவலன் வெட்டுப்பட்டான்.

கண்ணகி மட்டும் என்ன, அடக்கமாகவா பேசினாள்? விரிந்த கூந்தல், கண்ணீர், கையில் ஒற்றைச் சிலம்பு. அரசனையே 'தேரா மன்னா' என்கிறாள். புறாவுக்காகத் தன்னை அரிந்த சிபியையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் சபைக்கு இழுக்கிறாள். நெஞ்சைப் பிசைகிற பேச்சுதான். ஆனால், 'என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல்' என்றும் சொல்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. உடைத்தால் தெரிந்துவிடும்; அவள் பேச்சுக்கு அந்தத் தைரியம் இருந்தது.

'இன்னைக்கு விட்டா போச்சு' என்பது பொற்கொல்லன் வகை. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க அந்த அம்மாவுக்கு ஒரு நாள்கூட விடாத பேச்சு அது. (2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பொய் சொல்லி விற்றால் முகவரின் பதிவே ரத்தாகலாம். மேனேஜர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.)

நாளைக்கு மார்க்கெட் கூட்டம் குறைந்ததும் போங்கள். 'ரெண்டு மனைன்னு சொன்னது பொய்ம்மா' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் பட்டா, வில்லங்கம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி, அந்த 2016 சட்டப்படி வாங்கிய பதிவு எண்ணான ரெரா எண் எல்லாவற்றையும் கையில் கொடுத்து, விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். வேண்டாம் என்றாரானால், அந்த 20,000 ரூபாயைத் திருப்பி வாங்க மேனேஜரிடம் பேச வேண்டியது நீங்கள். பேச்சுப் போட்டித் திறமை மொத்தத்தையும் அங்கே இறக்குங்கள். நான் தடுக்கவே மாட்டேன்.