வாசகர் கேள்வி – பதில்: சைகடெலிக் ராக் ஏன் இன்னும் பழசாகவில்லை?

கேள்வி: சைகடெலிக் ராக் என்று எதைத்தான் சொல்கிறார்கள்? என் மகன் ராத்திரி பகலாக ஹெட்போனில் கேட்கிறான். எனக்கு வெறும் இரைச்சலாக இருக்கிறது.
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: 1960களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், முக்கியமாக சான் பிரான்சிஸ்கோவிலும் லண்டனிலும் பெரிதாகக் கிளம்பிய ராக் இசை இது. கிதாரை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, எதிரொலியைத் தாராளமாகச் சேர்ப்பது, டேப்பைப் பின்னோக்கி ஓட விடுவது, ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு குரலை அதன்மேல் மிதக்க விடுவது, இதெல்லாம் அதன் வழிகள். கேட்கிறவருக்குத் தான் இருக்கும் இடமும் ஓடுகிற நேரமும் கொஞ்சம் நழுவின மாதிரி தோன்ற வேண்டும், அதுதான் நோக்கம். முதல் தடவை இரைச்சலாகத்தான் படும். மகனிடம் ஒரு பாட்டை ஸ்பீக்கரில் போடச் சொல்லி டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், மற்றது மெல்லப் புலப்படும்.

கேள்வி: நூறு பாட்டுப் பட்டியல் வேண்டாம். இருப்பதிலேயே உயர்ந்தது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பீட்டில்ஸின் ‘டுமாரோ நெவர் நோஸ்’. 1966இல் வந்த ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. ஆனால் அந்த ஆல்பத்துக்காக முதலில் பதிவானதே இதுதான், ஏப்ரல் 6ஆம் தேதி, லண்டன் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில். மூன்று நிமிடம்தான் ஓடும். பாட்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே ‘சி’ கார்டு (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிக்க விடுவது), அடியில் ஜார்ஜ் ஹாரிசனின் தம்பூரா. ராக் பாட்டு என்றால் மூன்று நான்கு கார்டு மாறியே ஆக வேண்டும் என்றிருந்த காலத்தில் இப்படி ஒரு காரியம்! கச்சேரி கேட்டுப் பழகிய நம் காதுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருக்காது, ஆனால் அன்றைய இங்கிலாந்துப் பையன்களுக்கு இது என்ன இசை என்றே புரிந்திருக்காது.

மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போலத் தன் குரல் கேட்க வேண்டும் என்று ஜான் லென்னன் கேட்டார். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்குக்கு அப்போது வயது 20. ஹாமண்ட் ஆர்கனோடு சேர்த்துப் பயன்படுத்தும் லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கருக்குள் அவர் லென்னனின் குரலை அனுப்பினார். பாட்டின் பிற்பாதியில் குரல் எங்கோ சுற்றிச் சுற்றி வருவது போல இருப்பது அதனால்தான். ரிங்கோவின் பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை வழக்கத்தைவிட ரொம்பக் கிட்டே கொண்டுபோய் வைத்தார்கள். அந்த அடி இன்றைக்குப் போட்டாலும் நேற்றுப் பதிவு செய்தது போல நெஞ்சில் விழுகிறது.

அப்புறம் அந்த விநோத சத்தங்கள். பால் மெக்கார்ட்னி வீட்டில் டேப்பை வெட்டி ஒட்டி வளையம் வளையமாகச் செய்து கொண்டுவந்தார். அதில் ஐந்தைப் பாட்டில் சேர்த்தார்கள். கடற்பறவைகள் கத்துவது போல ஒன்று வருமே, அது மனிதச் சிரிப்பை வேகமாக்கியது. கட்டடத்தின் பல அறைகளில் இருந்த டேப் மெஷின்களில் ஊழியர்கள் பென்சிலால் வளையங்களை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க, மிக்சரில் கையால் ஏற்றி இறக்கி, ஓடும்போதே கலந்தார்கள். அதே கலவையை இன்னொரு தடவை அச்சு அசலாகக் கொண்டுவர அவர்களாலேயே முடியாது. இன்று கணினியில் இதையெல்லாம் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம், இருந்தும் அந்தப் பதற்றம் வராது. கைகள் வேலை செய்வது காதில் கேட்கிறது, அதனால்தான் இந்தப் பாட்டு நிற்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: போதைப் பொருளில் பிறந்த இசையை இப்படிக் கொண்டாடலாமா? படிக்கிற பிள்ளைகளும் உங்கள் பத்தியை வாசிக்கிறார்கள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: நியாயமான கேள்வி, ஐயா. எல்.எஸ்.டி.க்கும் இந்த இசைக்கும் உள்ள உறவை நான் மறைக்க மாட்டேன். மேலே சொன்ன பாட்டின் வரிகளுக்கே அமெரிக்க உளவியலாளர் டிமதி லியரியும் கூட்டாளிகளும் அந்த அனுபவத்தைப் பற்றி எழுதிய புத்தகம்தான் மூலம். ஆனால் போதை பாட்டைக் கட்டித் தரவில்லை. 1967இல் வந்த ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டைப் பாருங்கள். லென்னனுக்கு ஒரு பதிவின் தொடக்கமும் வேறொரு பதிவின் மீதியும் பிடித்துப்போனது. இரண்டும் வேறு வேறு வேகம், வேறு வேறு சுருதி. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எமரிக்கும் ஒன்றை லேசாக வேகப்படுத்தி, மற்றதைக் குறைத்து, டேப்பை வெட்டி, முதல் நிமிடம் முடிகிற இடத்தில் ஒட்டினார்கள். தெளிந்த மூளையும் நடுங்காத கையும் இல்லாமல் அந்த ஒட்டு நடந்திருக்காது.

அதே சமயம் இந்த இசை காவு வாங்கியவர்களையும் சொல்லியே ஆக வேண்டும். பிங்க் ஃப்ளாய்டின் முதல் ஆல்பத்தைப் பெரும்பாலும் தனியாளாக எழுதிய சிட் பாரெட், போதையும் மனநலச் சிக்கலும் சேர்ந்து 1968இல் குழுவை விட்டே விலக நேர்ந்தது. டெக்சாஸின் ‘தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ குழுவின் பாடகர் ராக்கி எரிக்சன், 1969இல் கஞ்சா வழக்கில் பிடிபட்டு, சிறைக்குப் பதில் மனநல மருத்துவமனைக்குப் போய், 1972 வரை அங்கே அடைபட்டுக் கிடந்தார். இருவரும் இன்னும் எவ்வளவோ எழுதியிருக்க வேண்டியவர்கள். அவர்கள் பாட்டை ரசிக்கிறவர்கள் இந்த இழப்பையும் தெரிந்துகொண்டே ரசிக்கட்டும்.

கேள்வி: இதில் இந்திய இசையின் பங்கு நிஜமா, இல்லை நாமாகப் பெருமைப்பட்டுக் கொள்கிறோமா?
– வாசகி, சென்னை

பதில்: நிஜம்தான், ஆனால் அது வந்த வழி சுற்று வழி. தி பேர்ட்ஸ் குழுவின் ‘எய்ட் மைல்ஸ் ஹை’ (1966) பாட்டில் ரோஜர் மெக்வின் 12 தந்திக் கிதாரில் தடதடவென்று வாசிப்பது, ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸஃபோனைப் பிடிக்கப் பார்க்கிற முயற்சி. அவர் எடுத்துக்கொண்ட கோல்ட்ரேன் உருப்படியின் பெயரே ‘இந்தியா’. கோல்ட்ரேனோ ரவிசங்கரின் மேல் அவ்வளவு மதிப்பு வைத்து, 1965இல் பிறந்த மகனுக்கு ரவி என்று பெயரிட்டவர். சிதாரை அலங்காரத்துக்குத் தொட்டவர்களைவிட, இந்த மூன்று பேர் வழியாக வந்த தாக்கம் ஆழமானது.

ரவிசங்கருக்கோ இந்தக் கூட்டத்தின் போதைப் பழக்கம் பிடிக்கவே இல்லை, அதை வெளிப்படையாகவே சொன்னார். 1967 மான்டரே இசை விழாவில் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிதாரைக் கொளுத்தியதைப் பார்த்து மனம் நொந்தார். வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிட்டு எடுக்கிற மரபில் வந்தவர் வேறு எப்படி நினைப்பார்?

கேள்வி: இந்த வகைப் பாட்டெல்லாம் பத்து நிமிடம் ஓடும் என்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

பதில்: சில ஓடும். டோர்ஸின் ‘தி எண்ட்’ கிட்டத்தட்ட 12 நிமிடம். ஆனால் ஜெஃபர்சன் ஏர்ப்ளேனின் ‘ஒயிட் ராபிட்’ (1967) இரண்டரை நிமிடம்தான், என் கணக்கில் அதுதான் இரண்டாவது இடம். ஸ்பானிய பொலேரோ தாளத்தில் அடக்கமாகத் தொடங்கி, எங்கேயும் பல்லவிக்குத் திரும்பாமல் ஏறிக்கொண்டே போய், உச்சத்தைத் தொட்ட இடத்திலேயே சட்டென்று நின்றுவிடும். கிரேஸ் ஸ்லிக் இந்தக் குழுவில் சேருவதற்கு முன்பே எழுதிய பாட்டு அது. ‘ஆலிஸ் இன் ஒண்டர்லேண்ட்’ கதைப் புத்தகத்து ஆலிஸை வைத்துக்கொண்டு, வானொலியில் சொல்லக் கூடாத போதை விஷயத்தை வானொலியிலேயே பாடிவிட்டார்!

கேள்வி: அந்தக் காலத்தில் இதே பாணியில் நூற்றுக்கணக்கில் வந்ததே, மற்றதெல்லாம் ஏன் காணாமல் போனது?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பலர் மேல்பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் சிதார், கொஞ்சம் எதிரொலி, புரியாத நாலு வரி. அதை உரித்துவிட்டால் உள்ளே மெட்டு இல்லை. ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ பாட்டை ஒரு சாதாரண கிதாரில் பாடிப் பாருங்கள், அப்போதும் மனதைப் பிசையும். ஹென்ட்ரிக்ஸின் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாட்டில் ரோஜர் மேயர் செய்து கொடுத்த ஆக்டேவியா கருவி ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக் கத்த வைக்கிறது, ஆனால் அந்த ஆரம்பக் கிதார் வரியைக் கருவி இல்லாமல் வாயால் முணுமுணுத்தாலும் பாட்டு தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கே தொடங்குவது?
– பள்ளி மாணவி, சேலம்

பதில்: ‘ரிவால்வர்’ முழுவதையும் ஒரு தடவை வரிசையாகக் கேளுங்கள், கடைசிப் பாட்டுக்குத் தாவ வேண்டாம். பிறகு 1996இல் வந்த ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் அதே பாட்டின் முதல் முயற்சி இருக்கிறது, அதையும் ‘ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்’ பாட்டின் ஆரம்பப் பதிவுகளையும் கேட்டுவிட்டு மறுபடி முழுப் பாட்டுக்கு வாருங்கள். எது எங்கே சேர்ந்தது, எதை விட்டார்கள் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். முடிந்தால் நல்ல ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் தம்பூரா சரியாகக் கேட்காது.