"சத்தம் மட்டும்தான்" என்று ஓராண்டு நானும் சொன்னேன்

கேள்வி: 20 ஆண்டுப் பழைய காரில் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) லீக் இருக்கிறது. சத்தம் மட்டும்தான், ஓட்டத்தில் குறையில்லை. ஓட்டை அடைக்கும் பேஸ்ட் பூசிச் சமாளிக்கலாமா?

"சத்தம் மட்டும்தான்" என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். அதையேதான் நான் என் அம்மாவிடம் ஓராண்டு சொன்னேன்.

அப்பா விட்டுச்சென்ற கார். அப்போது அதற்கு 22 வயது. காலையில் கிளப்பியதும் டிக் டிக் என்று வேகமான தட்டல் கேட்கும். சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் ஏமாந்தேன். டேப்பெட் (வால்வை அசைக்கும் பாகம்) சத்தம் என்று சொல்லி மெக்கானிக் இரண்டு முறை சரிசெய்தார். மறுநாள் காலையில் மீண்டும் அதே தட்டல். அந்த நாட்களில் எங்கே அழைத்துப் போனாலும் அம்மா தலைவலியோடுதான் இறங்குவார். "கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கப்பா" என்பார். வயதாகிவிட்டது, பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டினேன். எனக்கு வலிக்கவில்லையே என்று வாதாடவும் செய்தேன்.

ஒருநாள் பானெட்டைத் திறந்து, மேனிஃபோல்டை, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புப் பாகத்தை, மூடியிருந்த தகட்டைக் கழற்றினேன். கடைசி சிலிண்டர் அருகே, மேனிஃபோல்டு இன்ஜினோடு சேரும் இடத்தில் விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. அதை இன்ஜினோடு பிடித்திருக்கும் ஸ்டட் (தலையில்லாத திருகாணி) ஒன்று முறிந்து நட்டோடு போயிருந்தது. இரும்பு குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளி திறந்து புகை அடிக்கும். சூடேறி விரிந்ததும் பெரும்பகுதி அடைபடும். காலைத் தட்டல் அடங்கியதற்குக் காரணம் அதுதான். ஆனால் முழுவதும் அடைபடாது. கசியும் புகை, முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக வண்டிக்குள் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தலைவலியும் தலைசுற்றலும் குமட்டலும்தான் முதல் அறிகுறிகள். அம்மாவின் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. மருத்துவம் படித்தவர்கள் கேட்டால் ஒப்புக்கொள்கிறேன். லீக்கை அடைத்த பிறகு அவர் ஒருமுறைகூடத் தலைவலி என்று சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஆகவே, பேஸ்ட் பூசலாமா என்பதற்கு முன்னால் லீக் எங்கே என்று பாருங்கள். வண்டியின் பின்பகுதியில், சைலன்சர் இணைப்பில் சிறிய கசிவு என்றால் பேஸ்ட் கொஞ்ச நாள் தாங்கும். மேனிஃபோல்டில் தாங்காது; நான் பூசியது நான்கு நாளில் பொடியாக உதிர்ந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் கிளப்பி, ஒருவரைத் தடித்த துணியால் வால் குழாயைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் சீறல் கேட்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும். சூடான மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீர் படவிடாதீர்கள், வார்ப்பிரும்பில் விரிசல் விழலாம்.

ஓட்டத்தில் குறையில்லை என்கிறீர்களே, பெட்ரோல் செலவைக் கணக்குப் பார்த்தீர்களா? புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், இன்ஜினுக்கும் அந்தச் சென்சாருக்கும் நடுவில் லீக் இருந்தால், வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் போதவில்லை என்று வண்டியின் கணினி தவறாகப் புரிந்துகொண்டு கூடுதலாகச் செலுத்தும்.

இனி ஸ்டட்கள். துரு இளக்கும் ஆயிலை மூன்று மாலைகள் விட்டு ஊறவைத்தேன். அப்படியும் பொறுமையிழந்து ஒரே மூச்சில் திருப்பியதில் இன்னொன்றும் முறிந்தது. கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஆயில் விட்டுத்தான் எடுக்க வேண்டும். முறிந்த துண்டுகளின் மேல் நட்டை வைத்து வெல்டிங் செய்தார் ஒருவர். அந்தச் சூட்டிலேயே துரு விட்டுக்கொடுத்து இரண்டும் சுழன்று வந்தன. துளையிட்டு எடுக்கலாம் என்பவர்கள் உண்டு. மையம் தவறினால் சிலிண்டர் ஹெட் (ஸ்டட் பதிந்திருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) கெட்டுப்போகும் என்பதால் நான் துணியவில்லை. மேனிஃபோல்டின் முகத்தில் நேரான பட்டையை வைத்துப் பார்த்தால் நடுவில் வளைந்திருந்தது. அதைச் சமன்செய்யாமல் புதிய கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு) போட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். வார்ப்பிரும்பு விரிசலையும் வெல்டிங் செய்தே ஓட்டுகிறேன் என்று யாராவது எழுதுவீர்கள். முன்கூட்டிச் சூடாக்கி, நிக்கல் வெல்டிங் ராடு கொண்டு, மெதுவாக ஆறவிடத் தெரிந்தவர் கிடைத்தால் செய்யுங்கள். என் மேனிஃபோல்டில் விரிசல் இல்லை, அதனால் அதைப்பற்றி நான் வாதிட வரவில்லை.

நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்ச் தேவைப்பட்டது. என்னுடையதை ஒரு நண்பர் இரவல் வாங்கி, துருப்பிடித்த சக்கர நட்டுகளைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தி, அளவு தப்பிய நிலையில் திருப்பித் தந்திருந்தார். கேட்டதற்கு, ஸ்பேனர்தானே என்றார். அளக்கும் கருவியைக் கடப்பாரை போலப் பயன்படுத்துபவர்களுக்குக் கருவி தரவே கூடாது. இன்றுவரை அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

உங்கள் லீக்குக்கு வருவோம். சரிசெய்யும் வரை மூடிய ஷெட்டில் வண்டியைக் கிளப்பாதீர்கள். நிறுத்திய வண்டியில் இன்ஜின் ஓட யாரையும் தூங்கவிடாதீர்கள். அடியில் பார்ப்பதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கரி எங்கே படிந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். மேனிஃபோல்டு பக்கம் என்றால், இன்று மாலையே ஸ்டட்களில் ஆயில் விடத் தொடங்கிவிடுங்கள்.