சைக்கானோ: எதிரியின் பெயர் இல்லாத போர் – கேள்வி பதில்

ஷின் தகாஹாஷி எழுதி வரைந்த ‘சைக்கானோ’ என்ற ஏழு தொகுதி மங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, பலமுறை படித்தவன் என்ற ஒரே தகுதியில் இக்கேள்விகளுக்கு விடையளிக்கிறேன். கதையின் முடிவை யார் கேட்டாலும் சொல்வதாக இல்லை.

கேள்வி: இந்தப் பெயருக்கு என்ன பொருள்? கதை எதைப் பற்றியது?

முழுப்பெயர் ‘சைஷூ ஹெய்கி கனோஜோ’. முதல் இரண்டு சொற்களும் சேர்ந்து ‘இறுதி ஆயுதம்’ என்று பொருள்படும். ‘கனோஜோ’ என்ற மூன்றாவது சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் ‘அவள்’ என்றும் பொருள் உண்டு, ‘காதலி’ என்றும் பொருள் உண்டு. இந்த இரட்டைப் பொருளில்தான் கதையே நிற்கிறது. ஷோகாகுகான் நிறுவனத்தின் ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ வார இதழில் 1999ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2001 வரை இது தொடராக வந்தது.

ஹொக்காய்டோ தீவின் துறைமுக நகரமான ஒத்தாருவில், உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில் படிக்கும் ஷூஜியும் சிசேயும் காதலிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் என்ன பேசுவது என்றுகூட இருவருக்கும் தெரியவில்லை. அதனால் ஒரே நோட்டில் மாறி மாறி நாட்குறிப்பு எழுதிக்கொள்கிறார்கள். ஒருநாள் நண்பர்களோடு சப்போரோ நகரத்துக்குச் சென்ற ஷூஜி அங்கே விமானத் தாக்குதலில் சிக்கிக்கொள்கிறான். புகைக்கு நடுவே, முதுகில் இரும்புச் சிறகு முளைத்து நிற்கும் சிசேயைக் காண்கிறான். வழக்கம்போல அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

ஓர் எச்சரிக்கை: பள்ளிச் சீருடையைப் பார்த்துச் சிறுவர்களுக்கான கதை என்று எண்ணிவிட வேண்டாம். இது வளர்ந்தவர்களுக்கான இதழில் வந்த தொடர்; உடலுறவும் கொடூரமான மரணங்களும் இதில் உண்டு.

கேள்வி: மங்கா படித்துப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது?

வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும் என்பது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். இந்தத் தொடருக்கென்று வேறு சில பழக்கங்கள் தேவைப்படுகின்றன. தகாஹாஷியின் கோடுகள் மிக மெல்லியவை. பக்கத்தில் பாதியை வெறும் வெள்ளையாக விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் ஷூஜியின் மனக்குரலை இரண்டு வரி எழுதிவைப்பார். பேச்சுக் குமிழிகளை மட்டும் பார்த்துக்கொண்டு விரைந்தால், அவன் வாயால் சொல்லும் கடுஞ்சொல் மட்டும் நமக்குக் கிடைக்கும். அதைச் சொன்ன கணமே அவன் வருந்துவது கிடைக்காது. அவனை வெறும் முரடன் என்று நினைத்துக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் அந்தப் பொடி எழுத்தைத் தாண்டிச் சென்றவர்களே.

மேலும், பாத்திரங்கள் ஹொக்காய்டோ வட்டார வழக்கில் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பில் அந்த மண்வாசனை பெருமளவு போய்விடுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், சில உரையாடல்கள் ஏன் தட்டையாகத் தோன்றுகின்றன என்பது புரியும். நாளொன்றுக்கு ஒரு தொகுதிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: இதன் அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) இருக்கிறதே, அதை முதலில் பார்க்கலாமா?

வேண்டாம். 2002இல் வந்த அதன் 13 அத்தியாயங்களும் நன்றாகவே எடுக்கப்பட்டவை. ஆனால் நான் மேலே சொன்ன வெள்ளைப் பக்கங்கள் திரையில் இல்லை. படித்த பிறகு பாருங்கள்.

கேள்வி: தமிழில் கிடைக்குமா?

ஆங்கிலத்தில் படியுங்கள். விஸ் நிறுவனம் ஏழு தொகுதிகளையும் வெளியிட்டிருக்கிறது.

கேள்வி: ஏழு தொகுதி படித்தும் ஜப்பான் யாரோடு போரிடுகிறது, ஏன் போரிடுகிறது என்று தெரியவில்லை. இது ஆசிரியரின் சோம்பல் இல்லையா?

இக்கேள்வி வருமென்று எதிர்பார்த்தேன். எதிரியின் பெயர் சொல்லப்படாதது மறதியால் அன்று. கதை ஷூஜியின் கண்ணளவில் நிற்கிறது. அவன் ஒத்தாருவில் பள்ளிக்குப் போகும் மாணவன். அவனுக்குத் தெரிவதெல்லாம் நிலநடுக்கம் அடிக்கடி வருவது, வகுப்பில் இருக்கைகள் காலியாவது, சிசே திடீரென்று அழைக்கப்பட்டு ஓடுவது ஆகியவைதாம்.

கதை எழுதப்பட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். 1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசமைப்பின் ஒன்பதாவது பிரிவு போரைத் துறக்கிறது. 1954இல் உருவான படைக்கும் ‘தற்காப்புப் படை’ என்றே பெயர். 1998 ஆகஸ்டில் வட கொரியா ஏவிய ராக்கெட் ஜப்பானுக்கு மேலாகப் பறந்தது. 1999இல், சுற்றுப்புறப் பகுதியில் போர்ச்சூழல் எழுந்தால் அமெரிக்கப் படைகளுக்குப் பின்னணி உதவி செய்ய வழிவகுக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டின் இறுதியில் இத்தொடர் வந்தது. போர் என்ற சொல்லையே சட்டத்தில் ஒதுக்கிவைத்திருக்கும் நாட்டில், எப்போது தொடங்கியது என்று தெரியாமலேயே ஒரு போர் நடந்துகொண்டிருக்கிறது என்று எழுதுவதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: மேற்கண்ட கேள்வியைக் கேட்டவன் நான்தான். உங்கள் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாக் குறையையும் இப்படி நியாயப்படுத்திவிடலாமே. போர் இங்கே காதலர்களை அழவைக்க நிறுத்திய பின்திரை மட்டும்தான்.

நீங்கள் புதிதாகச் சொல்லவில்லை. ஜப்பானிய விமர்சகர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள். 2002ஐ ஒட்டி ‘செக்காய்-கெய்’, அதாவது ‘உலக வகை’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. நான், நீ என்ற சிறிய உறவு ஒருபுறம், உலகத்தின் அழிவு மறுபுறம். இடையில் இருக்க வேண்டிய சமூகம், அரசு, ஊர் எதுவும் கதையில் இராது என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாக எப்போதும் காட்டப்படும் மூன்று படைப்புகளில் சைக்கானோ ஒன்று.

ஆனால் அந்த இடைப்பகுதி இக்கதையில் உண்மையிலேயே இல்லையா? ஷூஜியின் நண்பன் அத்சுஷி, தான் நேசிக்கும் பெண்ணைக் காக்கவே தற்காப்புப் படையில் சேர்கிறான். அவளுக்கு அது தெரியாது. ஷூஜிக்கு முன்பு நெருக்கமாக இருந்த ஃபுயுமி, படைவீரரான கணவர் தெத்சு வீடு திரும்பாத தனிமையில் என்னென்ன செய்கிறாள் என்பதை ஆசிரியர் மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அந்தத் தெத்சு களத்தில் சிசேயைச் சந்திக்கும் அத்தியாயங்களைப் பின்திரை என்று சொல்பவர் அவற்றை மறுபடி படிக்கட்டும். இங்கே இல்லாதது அரசு மட்டும்தான். ஊர் இருக்கிறது, அதுவும் பெயர் மாற்றாத ஊர். அவர்கள் தினமும் மூச்சு வாங்க ஏறும் ‘நரகச் சரிவு’ ஒத்தாருவில் உண்மையிலேயே உள்ள சாலை. வணிகவியல் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் ஏற்றம் அது.

கேள்வி: அனிமேயில் தொடங்கி மங்காவுக்கு வரலாமா?

மூன்றாவது கேள்வியைப் பார்க்கவும்.

கேள்வி: விவாதத்தில் நானும் சேர்ந்துகொள்கிறேன். எதிரியின் பெயர் எனக்குப் பொருட்டில்லை. உடல் சிதைவது அவளுக்கு, கொல்வது அவள், மன்னிப்புக் கேட்பதும் அவள். வருந்துவது மட்டும் அவன். இதை ஏன் யாரும் கேட்பதில்லை?

இதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை, அம்மா. முந்தைய நண்பரின் குறையைவிட இது வலுவானது. சிசேயை ஆயுதமாக்கியவர்கள் அவளிடம் சம்மதம் கேட்டதாகக் காட்சி இல்லை. அவளுடைய துன்பம் பெரும்பாலும் ஷூஜியின் கண்ணீர் வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. நாட்குறிப்புப் பக்கங்களில் அவள் குரல் நேரடியாகக் கேட்கும்போது கதை வேறொன்றாகிவிடுகிறது. அந்தப் பக்கங்கள் இன்னும் அதிகம் இருந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். 2005இல் வந்த இரு பகுதி அனிமே காணொளி, சிசேக்கு முன்னோடியாக ஆயுதமாக்கப்பட்ட மிசுகி என்ற படைப்பெண்ணின் பக்கத்திலிருந்து கதையைப் பார்க்கிறது. குறையை அதை எடுத்தவர்களும் உணர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. மங்கா என்றால் உயிர். வாங்கித் தரலாமா?

கூடாது. முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி: உண்மையில் நடந்த போரைப் பற்றி இதே அளவு மனதைத் தொடும் மங்கா உண்டா?

கோனோ ஃபுமியோவின் ‘இந்த உலகின் ஒரு மூலையில்’. மூன்று தொகுதிகள், 2007 முதல் 2009 வரை தொடராக வந்தது. ஹிரோஷிமாவில் பிறந்த சுசு, 1944இல் கடற்படைத் துறைமுகமான குரே நகருக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். காதலித்து மணந்த கதையன்று; மணந்தபின் மெதுவாகக் காதல் வரும் கதை. ஜப்பானில் ஒவ்வொரு பேரரசரின் ஆட்சிக்காலத்துக்கும் தனிப்பெயரிட்டு ஆண்டுகளை எண்ணுவார்கள்; அப்படி ஷோவா ஆண்டுக் கணக்கில் அமைந்த தேதியே அத்தியாயங்களுக்குத் தலைப்பு. ஷோவா 20ஆம் ஆண்டின், அதாவது 1945இன் அத்தியாயங்கள், அடுத்த ஆட்சிக்காலமான ஹெய்செய்யின் 20ஆம் ஆண்டான 2008இல் அதே மாதங்களை ஒட்டி வெளிவந்தன. ஆகஸ்டில் என்ன நடக்கும் என்று தெரிந்த வாசகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்கள். சைக்கானோவில் யாருக்கும் நாள் தெரியாது. இங்கே வாசகருக்கு மட்டும் தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

கேள்வி: கடைசியில் சிசே பிழைக்கிறாளா?

மாட்டேன் என்றேனே.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேளாமல் ஏழையும் ஒரே இரவில் படித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. இப்போது என்ன செய்வது?

முதல் தொகுதியைத் திரும்ப எடுத்து, அவர்கள் சேர்ந்து பள்ளிக்கு நடக்கும் பக்கங்களை மட்டும் படியுங்கள். பழைய தடகள வீரனான ஷூஜி சரிவில் வேகமாக ஏறுகிறான். ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும் சிசே மன்னிப்புக் கேட்கிறாள். நேற்று இரவு அந்தப் பக்கங்களை நீங்கள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்திருப்பீர்கள்.