ரிலே உட்கார்ந்த பிறகு பவர்: ஹாம் ஆம்ப்ளிஃபையர் கேள்வி-பதில்

ஹாம் என்ற அமெச்சூர் வானொலியில், ரிக்கின் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ) பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர் பற்றி எனக்கு வரும் கேள்விகளைத் தொகுத்துப் பார்த்தால், வால்வையும் டிரான்சிஸ்டரையும் விட காயிலில் கரண்ட் ஓடினால் கான்டாக்ட்டை இழுத்து மாற்றும் ஸ்விட்சான ரிலேதான் நண்பர்களை அதிகம் படுத்துகிறது. ரிசீவிலிருந்து டிரான்ஸ்மிட்டுக்கு மாறும் அந்த ஒரு நொடிப்பொழுதில் எது முதலில், எது பின்னால் என்பதுதான் எல்லாமே. இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பழைய ஹீத்கிட் எஸ்பி-220 ஆம்ப்ளிஃபையர் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. என்னிடம் இருப்பது புது ரிக். ரிக்கின் சென்ட் ஜாக்கிலிருந்து (டிரான்ஸ்மிட் ஆகிறது என்று ஆம்ப்ளிஃபையருக்குச் சொல்லும் ஜாக்) ஆம்ப்ளிஃபையரின் ரிலே ஜாக்குக்கு ஒரு ஒயர் இழுத்தால் போதுமா?

தயவுசெய்து இழுக்காதீர்கள். எஸ்பி-220-இன் ரிலே ஜாக்கில், கீ அடிக்காதபோது, அதாவது டிரான்ஸ்மிட் செய்யாதபோது, 110 முதல் 120 வோல்ட் வரை டிசி நிற்கும். அது வந்த காலத்து ரிக்குகளுக்குள் கொஞ்சம் பெரிய ரிலேயே இருந்தது. அந்த வோல்டேஜைத் தரைக்கு (கிரவுண்டுக்கு) இழுப்பது அதற்குப் பெரிய வேலை இல்லை. இன்றைய ரிக்குகள் பலவற்றில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன டிரான்சிஸ்டர். கையேட்டின் விவரப் பக்கத்தில் எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமல் எந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரையும் மாட்டக்கூடாது.

முதலில் மீட்டரை எடுங்கள். ரிக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஆன் செய்து, ரிலே ஜாக்கின் நடு முனைக்கும் உடலுக்கும் இடையே டிசி வோல்டேஜ் பாருங்கள். பிறகு மீட்டரை 200 மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றி அதே இரண்டு இடத்தில் வையுங்கள். உள்ளே ரிலே 'டக்' என்று அடிக்கும். மீட்டரில் தெரிவதுதான் உங்கள் ரிக் இழுக்க வேண்டிய கரண்ட். கை விரல் ஜாக்கின் நடு முனையில் படக்கூடாது. 120 வோல்ட் டிசி நன்றாகவே உதறும்.

தீர்வு சுலபம். இடையில் ஒரு சின்னப் பெட்டி போதும். 400 வோல்ட் தாங்கும், மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) வெளியீடு உள்ள ஆப்டோ ரிலே (உள்ளே இருக்கும் எல்இடி ஒளியால் இயங்கும் ரிலே) ஒன்று வாங்குங்கள். 12 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் எல்இடிக்கு பிளஸ், எல்இடியின் மறுமுனை ரிக்கின் சென்ட் ஜாக்குக்கு. ரிக் இழுப்பது சுமார் 10 மில்லி ஆம்பியர், அதுவும் 12 வோல்ட்டில். எதிர்ப்பக்கம் ஆம்ப்ளிஃபையருக்கு. அந்தப் பக்கத்தின் குறுக்கே 130 வோல்ட் ஏசி என்று போட்ட வேரிஸ்டர் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ரிலே காயில் விடும்போது எழும் வோல்டேஜ் குத்தலை அது பிடித்துக்கொள்ளும். சாதாரண 12 வோல்ட் ரிலே போட்டும் இதையே செய்யலாம். ஆனால் அது இன்னும் சில மில்லிசெகண்ட் தாமதத்தைச் சேர்க்கும். அந்தத் தாமதம் ஏன் முக்கியம் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு முறை என் ஆம்ப்ளிஃபையரின் ஆன்டெனா ரிலே கருகிவிடுகிறது. 10 ஆம்பியர் ரிலேதான் போட்டிருக்கிறேன். பவரோ 400 வாட்தான். ஏன்?

50 ஓமில் 400 வாட் என்றால் மூன்று ஆம்பியர்கூட இல்லை. ஆக, ஆம்பியர் போதாமல் கருகவில்லை. கான்டாக்ட் காற்றில் பறந்துகொண்டிருக்கும்போதே பவர் வந்துவிடுகிறது. ஹாட் ஸ்விட்ச்சிங் என்று நாம் சொல்வது இதைத்தான்.

திறந்த வகைப் பெரிய ரிலே ஒன்று இழுத்து, கான்டாக்ட் துள்ளி, அமைதியாக உட்கார 15 முதல் 25 மில்லிசெகண்ட் ஆகும். ரிக் அதற்கு முன்பே ட்ரைவ் (ஆம்ப்ளிஃபையருக்குள் அனுப்பும் பவர்) கொடுத்தால், ஆம்ப்ளிஃபையருக்கு அந்த நேரத்தில் ஆன்டெனாவே இல்லை. லோடு இல்லாத டேங்க் சர்க்யூட்டில் (வெளியீட்டு ட்யூனிங் பகுதி) வோல்டேஜ் ஏகத்துக்கும் ஏறும். துள்ளும் கான்டாக்ட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு நெருப்புப் பொறி விழும். கருகிய ரிலேயைத் திறந்து லென்ஸில் பாருங்கள்: ஒரு முனையில் குழி, எதிர்முனையில் அதே அளவுக்கு மேடு. ஒரு பக்கத்து வெள்ளி உருகி அடுத்த பக்கம் ஒட்டியிருக்கும். ஒருநாள் இரண்டும் மொத்தமாக ஒட்டிக்கொண்டால், ரிசீவுக்குத் திரும்பவே திரும்பாது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, ரிக் மெனுவில் டிஎக்ஸ் டிலே (டிரான்ஸ்மிட் தாமதம்) இருக்கிறதா என்று பார்த்து 25 அல்லது 30 மில்லிசெகண்டாக வையுங்கள். இரண்டு, உள்ளீட்டுக்குத் தனி ரிலே போடுங்கள். ஆன்டெனா ரிலேயின் உபரி கான்டாக்ட் மூடிய பிறகுதான் உள்ளீட்டு ரிலேக்குக் கரண்ட் போக வேண்டும். அப்படிச் செய்தால் வெளிவாசல் திறந்த பிறகுதான் ட்ரைவ் உள்ளே வரும். திரும்பும்போது உள்ளீடு முதலில் விட வேண்டும், ஆன்டெனா கடைசியில். உள்ளீட்டுக்குச் சின்ன, வேகமான ரிலே போட்டால் இது பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும்.

எஃப்டி8 என்ற கணினி வழி டிஜிட்டல் முறையில் தொடர்பு கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த 15 நொடிச் சுற்றில் சிக்னல் அரை நொடி கழித்துத்தான் தொடங்குகிறது, அதனால் பிடிடியை (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் ஸ்விட்ச்) முன்கூட்டியே இழுக்க நிறைய நேரம் இருக்கிறது. வாக்ஸில் விடாதீர்கள். சிஏடி (கணினி ரிக்கை இயக்கும் இணைப்பு) வழியாகவோ ஆர்டிஎஸ் (சீரியல் போர்ட்டின் ஒரு கம்பி) வழியாகவோ பிடிடி கொடுங்கள். வாக்ஸ் என்றால் ஒலி வந்த பிறகுதான் ரிக்கே விழிக்கும்.

கேள்வி: ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேட்டால் காலையில் எல்லா ஸ்டேஷனும் மங்கலாக இருக்கிறது. ஒரு முறை பிடிடி அமுக்கி விட்டால் பளிச்சென்று வந்துவிடுகிறது. ரிக்கில் கோளாறா?

ரிக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரை ஒதுக்கிவிட்டு இரண்டு கேபிளையும் ஒரு ஜாயின்டர் போட்டு நேராக இணைத்துக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

ரிசீவ் பாதையும் அதே ரிலேயின் வழியாகத்தான் போகிறது. நூற்றுக்கணக்கான வாட்டுக்குச் செய்த வெள்ளிக் கான்டாக்ட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படியும். பவர் போகும் பக்கத்தில் வோல்டேஜ் அதை உடைத்துக்கொண்டு போய்விடும். ரிசீவில் வருவது என்ன? ரிக்கின் மீட்டரில் எஸ்9 என்று காட்டும் பலமான சிக்னலே எச்எஃப் என்ற சிற்றலையில் 50 மைக்ரோவோல்ட்தான். அதற்கு அந்தப் படலம் ஒரு சுவர். பிடிடி அமுக்கும்போது கான்டாக்ட் உரசிக்கொள்வதால் கொஞ்ச நேரம் வழி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் எனக்கும் இதேதான். பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர் இறங்கிவிட்டதை மீட்டரில் உறுதி செய்துகொண்டு மூடியைத் திறந்தேன். நல்ல வெள்ளைக் காகிதத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, கான்டாக்ட் இரண்டுக்கும் நடுவே வைத்து லேசாக மூடியபடி இழுத்தேன். பென்சிலால் கோடு கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு வந்தது. நாலாவது துண்டு வெள்ளையாகவே வந்தபோது நிறுத்தினேன். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். மேல்பூச்சு போய்விட்டால் அந்த ரிலேக்கு அப்புறம் ஆயுசு இல்லை.

கேள்வி: ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு போட்டேன். அதிலிருந்து ரிலே மெதுவாக விடுகிறது.

ஆமாம், அது இயல்பு. காயிலில் இருக்கும் கரண்ட் டயோடு வழியாகவே சுற்றிக்கொண்டிருக்கும். டயோடுடன் வரிசையில் ஒரு ஜெனர் டயோடு சேர்த்தால் வேகம் திரும்பிவிடும். இரண்டின் முகமும் எதிரெதிராக இருக்க வேண்டும். 12 வோல்ட் ரிலேக்கு 15 அல்லது 18 வோல்ட் ஜெனர் போதும். இழுக்கும் டிரான்சிஸ்டர் சப்ளையும் ஜெனரும் சேர்ந்த வோல்டேஜைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிடபிள்யூவில் (மோர்ஸ்) எழுத்துக்கு நடுவே கேட்கும்படி முழு பிரேக்-இன் வேண்டும். சாதாரண ரிலே தாங்குமா?

கணக்கை நீங்களே பாருங்கள். நிமிடத்துக்கு 25 சொல் வேகத்தில் ஒரு டாட் 48 மில்லிசெகண்ட், இடைவெளியும் அதே 48. போக 20, வர 20 என்று ரிலே எடுத்துக்கொண்டால் கேட்க என்ன மிஞ்சும்? சத்தமும் தாங்காது. ஆன்டெனா பக்கம் வேக்குவம் ரிலே, உள்ளீட்டில் ரீட் ரிலே என்பது நம்பகமான வழி. அசையும் பாகமே இல்லாத பின் (PIN) டயோடு ஸ்விட்ச் இன்னும் வேகம். ஆனால் ஆன்டெனா சரியில்லாத நாளில், அதிக எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா பொருந்தாததன் அளவு) தரும் வோல்டேஜில் டயோடு சட்டென்று போய்விடும். போட்டிகளில் இறங்காதவருக்கு செமி பிரேக்-இன் (அனுப்புவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மட்டும் ரிசீவுக்குத் திரும்புவது) போதும் என்பதுதான் என் கருத்து.

கேள்வி: 144 மெகாஹெர்ட்ஸில் கம்பத்து மேல் இருக்கும் ப்ரீஆம்ப் (ரிசீவ் சிக்னலைக் கூட்டும் பெட்டி) இரண்டாவது முறையாகப் போய்விட்டது. நல்ல கோஆக்ஸியல் ரிலேதான்.

ரிலேயின் ஐசொலேஷன் (மறுபக்கம் கசியாமல் தடுக்கும் அளவு) 60 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் அனுப்பினால் ப்ரீஆம்புக்குக் கசிவது 0.1 மில்லிவாட், அது ஒன்றும் செய்யாது. ஆக, கான்டாக்ட் மாறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அடி விழுந்திருக்க வேண்டும். கம்பத்து ரிலே முதலில், பிறகு ஆம்ப்ளிஃபையர், கடைசியாக ரிக்கின் ட்ரைவ் என்று ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிசெகண்ட் இடைவெளி விடும் சீக்வன்சர் ஒன்று கட்டுங்கள். பிடிடி சீக்வன்சருக்குப் போக வேண்டும். ரிக்கை சீக்வன்சர்தான் இயக்க வேண்டும். ரிக்கின் மைக்கில் இருக்கும் பிடிடியைப் பழக்க தோஷத்தில் அமுக்கினால் இத்தனையும் வீண், அதனால் அந்த ஒயரையே கழற்றிவிடுங்கள். இன்னொன்று: கரண்ட் இல்லாத நிலையில் ரிலேக்கள் ப்ரீஆம்பை ஒதுக்கி நேர் வழியில் நிற்கும்படி ஒயர் செய்யுங்கள். மேலே போகும் 12 வோல்ட் கேபிள் அறுந்த நாளிலும் மூன்றாவது ப்ரீஆம்ப் பிழைத்திருக்கும்.