சென்னையில் 1 கோடிக்கு ஃபிளாட் வாங்கி 15 வருடம் வைத்திருந்தால் லாபமா?

வாடகையை நம்பி வாங்காதீர்கள். மாதம் 25,000 வாடகை என்றால் வருடத்துக்கு வெறும் 3%. 80 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் தவணை மட்டும் சுமார் 69,400. மீதி 44,000-ஐ மாதாமாதம் கையிலிருந்து போட முடிகிறவர்களுக்குத்தான் இது.

விலை ஏறுவது மனைக்கு; கட்டடம் தேய்ந்துகொண்டேதான் போகும். ஆகவே பத்திரத்தில் முதலில் பார்க்க வேண்டியது யூடிஎஸ், அதாவது பிரிபடாத மனைப் பங்கு. 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 550 சதுர அடி மனை உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடமும், 250 மட்டுமே உள்ள புது அடுக்குமாடியும் ஒன்றல்ல, நீச்சல் குளம் இருந்தாலும்! நாளை இடித்துக் கட்டும்போது பில்டரிடம் பேரம் இதை வைத்துத்தான். இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது தமிழ்நாட்டின் 2022 அடுக்குமாடிச் சட்டம். தாய்ப்பத்திரத்தையும் (மனையின் முந்தைய உரிமைப் பத்திரம்) 30 வருட வில்லங்கச் சான்றிதழையும் வக்கீல் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.