தடித்த இரும்பில் வெல்டிங்: வேர் வரை பற்ற வேண்டும்

உழவு தொடங்குவதற்கு முன் கருவிகளைச் சரிசெய்கிற நேரம் இது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை 8 மி.மீ.க்கு மேற்பட்ட தடித்த இரும்பைப் பற்றியவை. சிலவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கல்ட்டிவேட்டரில் 12 மி.மீ. பிளேட் ஒன்று ஒரே இடத்தில் மூன்று முறை விட்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் முன்பைவிடத் தடிமனாகத்தான் வெல்டிங் வைத்தேன். 6013 ராடு பலவீனமானதா? (உடுமலைப்பேட்டை வாசகர்)

ராடின் மீது பழி போடாதீர்கள். 6013 என்பதில் உள்ள 60, சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டின் வலிமையும் ஏறத்தாழ அவ்வளவுதான். கோளாறு உள்ளே இருக்கிறது.

இதே போல உடைந்த ஒரு பிளேட் சில மாதங்களுக்கு முன் என் பட்டறைக்கு வந்தது. முறிந்த முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். இரு ஓரங்களிலும் 3 மி.மீ. அளவுக்குப் புதிய சாம்பல் நிற முறிவு. நடுவில் துருப்பிடித்த பழைய விளிம்பு. கட்டிங் வீல் ஓடிய கோடுகள்கூட அழியாமல் இருந்தன. அந்த இடத்தை வெல்டிங்கின் வெப்பம் தொடவே இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 12 மி.மீ. பிளேட்டை 6 மி.மீ. மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதி, உள்ளே தயாராக இருந்த ஒரு விரிசல். டிராக்டர் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அந்த விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். மேலே எவ்வளவு குவித்தாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பழைய வெல்டிங்கைக் கிரைண்டரால் முழுவதும் வெட்டி எடுங்கள். பாதியை விட்டு அதன் மேல் பூசாதீர்கள். இரு பிளேட்டுகளின் விளிம்பையும் 30 பாகை சாய்த்துத் தேயுங்கள்; சேர்த்து வைத்தால் 60 பாகையில் ‘வி’ வடிவப் பள்ளம் கிடைக்கும். அடியில் 2 மி.மீ. விளிம்பைக் கூராக்காமல் விடுங்கள். இரண்டுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி. இந்த இடைவெளியை வைக்கத்தான் பலருக்கு மனம் வராது, ஆனால் வேர் வரை, அதாவது இணைப்பின் அடி வரை, உருகி இறங்க வழி அதுதான். முதல் ஓட்டத்துக்கு (ஒரு முறை நீளவாக்கில் வெல்டிங் இழுப்பது ஓர் ஓட்டம்) 2.5 மி.மீ. ராடு, 80 ஆம்பியர் அளவில். வெல்டிங்கின் மேல் படியும் கசடை முழுவதும் தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பைப் பார்த்த பிறகே அடுத்த ஓட்டம். அதற்கு 3.15 மி.மீ. ராடு, 110 முதல் 125 ஆம்பியர். பள்ளம் நிரம்பிய பிறகு பிளேட்டைத் திருப்பி, பின்புறத்தில் கசடு மறைந்து சுத்தமான இரும்பு தெரியும்வரை தேய்த்து, அங்கும் ஒரு ஓட்டம் கொடுங்கள்.

மேலே ஒட்டுப் பட்டை வைக்க விரும்பினால் சாய்சதுரமாக வெட்டி வையுங்கள். சதுரமாக வைத்தால் பட்டையின் ஓரத்தில் வெல்டிங் குறுக்காக ஓடும். அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே தொடங்கும்.

லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கொழு முனையில் வைத்தேன். வெல்டிங் அழகாக வந்தது. மறுநாள் காலையில் தொட்டதும் கழன்றுவிட்டது. ஏன்? (மன்னார்குடி வாசகர்)

ஸ்பிரிங் பட்டையில் கரி (கார்பன்) அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். எம்.எஸ். பிளேட்டில் அதில் பாதிகூட இருக்காது. தடித்த குளிர்ந்த இரும்பு, வெல்டிங்கின் சூட்டை நொடியில் உறிஞ்சிக்கொள்கிறது. சூடான இரும்பைத் தண்ணீரில் முக்கியதற்குச் சமம் அது. கரி மிகுந்த இரும்பு அப்படிக் குளிர்ந்தால், வெல்டிங்கை ஒட்டிய பகுதி கண்ணாடி போல விறைத்துவிடும். இதனுடன் ராடின் பூச்சிலிருந்த ஈரமும் சேர்ந்தால், அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் இரும்புக்குள் தங்கி, பல மணி நேரம் கழித்து விரிசலை உண்டாக்கும். 48 மணி நேரம் வரைகூட ஆகலாம். வேலை முடிந்தபோது நன்றாக இருந்ததே என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை இதுவே.

பட்டையை 250 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய பிறகு பற்றவையுங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஒரு மூலையை உப்புத்தாளால் பளபளப்பாக்கி, வேறு பக்கத்திலிருந்து சூடேற்றுங்கள். பளபளப்பு வைக்கோல் மஞ்சளாக மாறினால் 220 டிகிரியைத் தாண்டிவிட்டது; நீலம் படர்ந்தால் 300ஐ நெருங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நிறுத்துங்கள். ஹைட்ரஜனைக் குறைவாக விடும் 7018 ராடை, உலர்ந்ததாகப் பார்த்துப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் காய்ந்த சாம்பலிலோ மணலிலோ புதைத்து, தானாக ஆறும்வரை தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது.

இது கொழுவுக்கு மட்டும். வண்டியில் ஓடும் ஸ்பிரிங் பட்டை உடைந்தால் புதிதாக மாற்றுங்கள்; பற்றவைத்து ஓட்டாதீர்கள்.

7018 ராடு பாக்கெட்டைப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. வெயிலில் காயவைத்தால் போதுமா?

போதாது. 7018 பூச்சு உறிஞ்சிய ஈரம் போக, 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் வேண்டும். வெயிலுக்கு அந்தச் சூடு கிடையாது. சமையலறை ஓவனுக்கும் பெரும்பாலும் கிடையாது. வீட்டு வேலைக்குச் சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே தீர்ப்பதுதான் வழி. மீதியை அபாயமில்லாத வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6013 இவ்வளவு கண்டிப்பானது அல்ல. 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். அதிகம் காய்ந்தால் அதன் பூச்சு கெடும்.

200 ஆம்பியர் இன்வெர்ட்டர் மெஷின், வீட்டில் ஒருமுனை (சிங்கிள் பேஸ்) மின் இணைப்பு. 16 மி.மீ. தடிமனைப் பற்றவைக்க முடியுமா?

முடியும். பள்ளம் தேய்த்துப் பல ஓட்டங்களாக நிரப்பும்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 125 ஆம்பியர் போதும். ஆனால் அந்த நிலையிலேயே மெஷின் வீட்டு இணைப்பிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். 16 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள். தனி பிரேக்கரும் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் வேண்டும். மெஷினில் 60 சதவீதம் என்று எழுதியிருந்தால், அங்கே குறித்த ஆம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் மட்டுமே ஓட்டலாம் என்று பொருள். எர்த் கிளாம்பைப் பெயிண்டின் மேல் மாட்டாமல், தேய்த்த இரும்பில் மாட்டுங்கள்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயைப் பற்றவைத்த அன்று இரவு குளிர் காய்ச்சல் வந்தது. பால் குடித்தால் சரியாகும் என்கிறார்களே?

பால் இதைத் தடுக்காது. துத்தநாகப் புகையைச் சுவாசித்ததால் வந்த காய்ச்சல் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள். இனி இணைப்பின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று புகையை உங்கள் முகத்திலிருந்து விலக்கிச் செல்லும்படி திறந்த வெளியில் வேலை செய்யுங்கள்.

வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

மேலே திறந்த விரிசலைப் பார்க்கலாம். கசடைத் தட்டித் துடைத்து, இணைப்பு நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் ஊறி, வெள்ளையில் மெல்லிய கருங்கோடாக எழும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். உள்ளே புதைந்த குறையை இது காட்டாது. ஆகவே டிரெய்லர் கொக்கி, ஜாக்கி, கார் ஏற்றும் ஸ்டாண்டு ஆகியவை உடைந்தால் வீட்டில் பற்றவைக்காதீர்கள். அப்படிப்பட்டவற்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தாலும் புதிதாக வாங்கச் சொல்லியே திருப்பி அனுப்புகிறேன்.