நெப்ராஸ்காவுக்கு இந்தத் தடவையாவது நல்ல பசங்க வருவாங்களா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் அமெரிக்காவுல நெப்ராஸ்கா ஸ்டேட்ல, ஒமாஹால ஐடி வேலைல இருக்கேன், வந்து பல வருஷம் ஆச்சு. பையன் இங்கயே பொறந்து வளர்ந்தவன், ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்கு நெப்ராஸ்கா காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்னா உயிர். மேட்ச் எனக்கும் ஓரளவு புரியுது. புரியாதது மேட்சே இல்லாத மாசங்கள்தான். ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல அம்பது வயசு ஆளுங்க உக்காந்துட்டு, டெக்ஸாஸ்ல ஏதோ ஒரு ஸ்கூல்ல பன்னெண்டாவது படிக்கிற பையன் எந்த காலேஜுக்கு போவான்னு மணிக்கணக்கா பேசறாங்க. அவன் எடை எவ்ளோ, அவங்க அம்மாவுக்கு எந்த கோச்சைப் புடிச்சிருக்கு, எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. இது நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரிதானே சார்? ஆனா ஏலத்துல நல்ல ஆளா எடுத்தா டீம் தேறிடும். இங்க வருஷா வருஷம் நல்ல பசங்க வந்துட்டாங்கன்னு குதிக்கிறாங்க, வருஷா வருஷம் அடி வாங்கறாங்க. அப்ப ஸ்கூல் பசங்களுக்கு போடற இந்த ஸ்டார் ரேட்டிங்லாம் டுபாக்கூரா? இண்டியானா காலேஜ் ஸ்டார் பசங்களே இல்லாம கப் அடிச்சாங்களே அது எப்படி? பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் ரயோலா டீமை விட்டுட்டுப் போனதுல பையன் ரொம்ப நொந்து போயிட்டான், அவன்கிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல. கடைசியா ஒண்ணு, இந்த வருஷம் ஐயோவா மேட்சுக்கு கூட்டிட்டுப் போன்னு நச்சரிக்கிறான். போலாமா?

(பேர் போட வேணாம்)

அன்புள்ள நண்பருக்கு,

டிக்கெட் விஷயத்துக்கு கடைசில வரேன். முதல்ல அந்த ஐபிஎல் கதையை முடிச்சிடுவோம், ஏன்னா உங்க குழப்பம் பூரா அதுலதான் இருக்கு. ஏலத்துல டீம் ஆளை எடுக்குது, எல்லா டீமுக்கும் பர்ஸ் ஒரே அளவு. காலேஜ் ஃபுட்பால்ல பையன்தான் டீமை எடுக்கறான். கோச் அவன் வீட்டு சோஃபால போய் உக்காந்து, அவங்க அம்மா குடுக்கற சாப்பாட்டைச் சாப்பிட்டு, உங்க பிள்ளையை நான் பாத்துக்கறேன்னு சொல்லணும், அதே சோஃபால அடுத்த வாரம் ஜார்ஜியா கோச் வந்து உக்காருவார், அதுக்கடுத்து ஒஹாயோ ஸ்டேட் கோச். புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல்லயாவது போன வருஷம் கடைசில வந்த டீமுக்குத்தான், புதுப் பசங்களை எடுக்கற டிராஃப்ட்ல முதல் சான்ஸ். காலேஜ்ல அந்தக் கருணையே கிடையாது. ஜெயிக்கிற இடத்துக்குத்தான் நல்ல பையன் போவான், அவன் போறதால அவங்க இன்னும் ஜெயிப்பாங்க, தோக்கறவன் தோத்துட்டே இருக்க வேண்டியதுதான். இந்தச் சுழல்லேர்ந்து வெளிய வர ஒரே வழி, வரக்கூடாத ஒரு பையன் எப்படியாவது மனசு மாறி வந்துடறதுதான். உங்க ஆபீஸ்காரங்க லஞ்ச்ல பேசிட்டிருக்கறது அந்தப் பையனைப் பத்தித்தான். அவங்களைப் பாத்து சிரிக்காதீங்க. வருஷா வருஷம் செப்டம்பர்ல ஆரம்பிக்கற வேதனைக்கு நடுவுல, டிசம்பர்ல பசங்க காலேஜுக்கு கையெழுத்து போடற சைனிங் டே ஒண்ணுலதான் அவங்க டீம் யார்கிட்டயும் தோக்காம இருக்கு.

நெப்ராஸ்காவுல இது மத்த ஊரை விட ஜாஸ்தி, அதுக்கு காரணம் இருக்கு. அந்த ஸ்டேட்ல என்எஃப்எல் டீம் கிடையாது, என்பிஏ கிடையாது, பெரிய லெவல்ல ஆடற காலேஜ் ஃபுட்பால் டீமும் இது ஒண்ணுதான். ஜனத்தொகை மொத்தமே 20 லட்சம் சொச்சம். லிங்கன்ல இருக்கற மெமோரியல் ஸ்டேடியம் 1962 நவம்பர்லேர்ந்து ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் ஃபுல்லுன்னு கணக்கு, 400 மேட்சைத் தாண்டிடுச்சு. 2023ல அதே ஸ்டேடியத்துல பொண்ணுங்க வாலிபால் மேட்ச் ஒண்ணு வெச்சாங்க, 92,003 பேர் வந்தாங்க! தோக்கற டீமுக்கு இப்படி கூட்டம் வர்ற இன்னொரு ஊரைக் காட்டுங்க பாப்போம்.

இந்தக் கூட்டத்துக்கு ஞாபகம் ஜாஸ்தி, அதான் பிரச்சனை. நேஷனல் சாம்பியன்ஷிப் அஞ்சு, 1970, 71, 94, 95, 97. டாம் ஆஸ்போர்ன் 25 வருஷம் கோச்சா இருந்து 255 மேட்ச் ஜெயிச்சார், தோத்தது 49தான். ஆனா 1999க்கு அப்புறம் அவங்க கான்ஃபரன்ஸ் (கொஞ்ச காலேஜ்கள் சேந்து ஆடற லீக்) டைட்டில் கூட ஒண்ணும் ஜெயிக்கல. உங்க பையன் பொறக்கறதுக்கு பத்து வருஷத்துக்கு மேல முன்னாடி நடந்த கதையை அவன் கிளாஸ் பசங்க அப்பாக்கள் நேத்து நடந்த மாதிரி சொல்லி வளத்திருப்பாங்க.

அந்தக் காலத்துல எப்படி ஜெயிச்சாங்கன்னு பாருங்க, பசங்களைச் சேக்கற இந்த ரெக்ரூட்டிங் பத்தி பேசற பாதிப் பேருக்கு இது மறந்து போச்சு. அப்பவும் கலிஃபோர்னியா, டெக்ஸாஸ், ஃபுளோரிடான்னு வெளியூர் பசங்க வந்தாங்க, உண்மைதான். ஆனா முதுகெலும்பு வேற. 1969லயே பாய்ட் எப்லின்னு ஒருத்தரை வெயிட் ரூமுக்குன்னே தனியா கோச்சா போட்டாங்க, அப்ப காலேஜ்கள்ல அதை ஒரு வேலையா நெனைச்சவங்க ரொம்ப கம்மி. அப்புறம் வாக்-ஆன் பசங்க. ஸ்காலர்ஷிப் இல்லாம, சொந்தக் காசுல ஃபீஸ் கட்டிட்டு, சின்னச் சின்ன பண்ணை ஊர்கள்லேர்ந்து வர்ற பசங்க, மூணு வருஷம் வெயிட் தூக்கி நாலாவது வருஷம் ஆஃபென்சிவ் லைன்ல (குவார்ட்டர்பேக்கைக் காக்கற முன்வரிசை) வந்து நிப்பாங்க, எதிர்ல நிக்கிற பெரிய பேர் பையனைத் தூக்கிப் போடுவாங்க. அதாவது பையன் வர்றப்போ என்னவா இருந்தான்ங்கறதை விட, வந்தப்புறம் அவனை என்ன பண்ணாங்கங்கறதுதான் விஷயமா இருந்துச்சு.

அப்புறம் எல்லாரும் வெயிட் ரூம் கட்டிட்டாங்க. 2011ல நெப்ராஸ்கா பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டுட்டு பிக் டென்னுக்கு போச்சு, டிவி காசு கிடைச்சுது, ஆனா வருஷா வருஷம் டெக்ஸாஸ்ல போய் ஆடறது நின்னு போச்சு. அந்த ஊர்ப் பையன் இவங்க ஜெர்சியை நேர்ல பாக்கறதே நின்னா அவன் எதுக்கு குளிர்ல நடுங்க லிங்கனுக்கு வரான்? 2014ல 9 மேட்ச் ஜெயிச்ச கோச் போ பெலினியை இது போதாதுன்னு துரத்துனாங்க. அடுத்து மைக் ரைலி, மூணு வருஷம், 19 வெற்றி 19 தோல்வி. அதுக்கப்புறம் 97 சாம்பியன் டீமோட குவார்ட்டர்பேக், உள்ளூர்ப் பையன், ஸ்காட் ஃப்ராஸ்ட்டைக் கொண்டு வந்தாங்க, ஊரே அழுதுச்சு சந்தோஷத்துல. 16 ஜெயிச்சு 31 தோத்தார். 2021ல 3-9, அந்த ஒன்பது தோல்வியும் ஒத்தை இலக்க வித்தியாசத்துல, இது எப்படி முடியும்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம். 2022 செப்டம்பர்ல ஜார்ஜியா சதர்ன்கிட்ட சொந்த மண்ணுல தோத்த மறுநாள் அவரையும் அனுப்பியாச்சு.

இப்ப உங்க ஸ்டார் கேள்வி. டுபாக்கூர் இல்லை. நாடு முழுக்க வருஷத்துக்கு முப்பது சொச்சம் பசங்களுக்குத்தான் அஞ்சு ஸ்டார் குடுப்பாங்க, என்எஃப்எல் டிராஃப்ட்ல முதல் ரவுண்டுக்கு போற அளவுக்கு திறமைன்னு அர்த்தம். மொத்தமா எடுத்து பாத்தா இது சரியாத்தான் வருது, ஒரு டீம்ல பாதிக்கு மேல நாலு ஸ்டார் அஞ்சு ஸ்டார் பசங்களா இருந்தாத்தான் சாம்பியன் ஆக முடியும்னு ஒரு கணக்கு ரொம்ப வருஷம் பொய்க்கவே இல்ல. ஆனா ஒத்தைப் பையனைப் பத்தி அது ஒரு ஜோசியம், அவ்ளோதான். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் 2022ல நாட்டுலயே நம்பர் ஒன்னா இருந்த புதுப் பசங்க கூட்டத்தைச் சேத்தாங்க, அதே வருஷம் 5-7ல முடிச்சாங்க, அடுத்த வருஷம் கோச் ஜிம்போ ஃபிஷரை 7.5 கோடி டாலருக்கு மேல குடுத்து வீட்டுக்கு அனுப்புனாங்க.

நெப்ராஸ்கா விஷயத்துல எனக்கு ஆதாரமே ஐயோவாதான். பக்கத்து ஸ்டேட், அதே குளிர், அதே மக்காச்சோளம், அங்கயும் பசங்க கம்மி. ரெக்ரூட்டிங் ராங்கிங்ல பெரும்பாலும் நெப்ராஸ்காதான் மேல இருக்கும். 2015லேர்ந்து 2025 வரைக்கும் இவங்க ரெண்டு பேரும் ஆடுன 11 மேட்ச்ல ஐயோவா ஜெயிச்சது 10. இதுக்கப்புறமும் எங்களுக்கு ஸ்டார் பத்தலன்னு ஒருத்தர் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். கோச்சை மாத்தி மாத்தி, ஒவ்வொருத்தரும் தனக்கு புடிச்ச ஆட்டத்துக்கு ஏத்த பசங்களா எடுத்து, அடுத்தவர் வந்து அந்தப் பசங்க ஆகாதுன்னு சொல்லி, பாதிப் பேர் கெளம்பிப் போயி, இதுலதான் போச்சு எல்லாம். ஐயோவால கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999லேர்ந்து அதே நாற்காலில உக்காந்திருக்கார், அவர் ஆட்டம் பாக்க தூக்கம் வரும், அது வேற விஷயம்.

ரயோலாவுக்கு வரேன். உங்க பையன் நொந்ததுல தப்பே இல்ல. அப்பா டாமினிக் நெப்ராஸ்காவுல பெரிய சென்டர் (லைன் நடுவுல நிக்கறவர்), 2000ல நாட்டுலயே சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் டிராஃபி வாங்குனவர், சித்தப்பா அப்ப இங்கயே லைன் கோச்சா இருந்தார். அப்படியிருந்தும் பையன் முதல்ல ஒஹாயோ ஸ்டேட்னான், அப்புறம் ஜார்ஜியான்னான், 2023 டிசம்பர்ல சைனிங் டேக்கு ரெண்டு நாள் முன்னாடி நெப்ராஸ்கான்னான். சுழலை உடைக்க வந்த பையன் இவன்தான்னு எல்லாரும் நம்புனாங்க, வந்த முதல் வருஷமே எல்லா மேட்சும் ஆடுனான், 7-6, 2016க்கு அப்புறம் முதல் தடவையா தோல்வியை விட வெற்றி அதிகம், யாங்கி ஸ்டேடியத்துல பாஸ்டன் காலேஜை 20-15ன்னு அடிச்சு 2015க்கு அப்புறம் முதல் பௌல் (சீசன் கடைசில ஆடற ஸ்பெஷல் மேட்ச்) வெற்றி. 2025 நவம்பர் 1, யுஎஸ்சி மேட்ச்ல கால் எலும்பு முறிஞ்சுது. சீசன் முடிஞ்சதும், காலேஜ் மாறறவங்க பதிவு பண்ற போர்ட்டல்ல பேரைக் குடுத்துட்டு ஆரிகன் போயிட்டான்.

ஜார்ஜியாவுக்கு குடுத்த வாக்கை மீறி இங்க வந்தப்போ வீட்டுப் பாசம்னு கொண்டாடுன அதே ஆளுங்க, இங்கேர்ந்து போனப்போ துரோகின்னு எழுதுனாங்க. எனக்கு அதுல கொஞ்சம் கூட அனுதாபம் இல்ல. பதினேழு, இருபது வயசுப் பசங்க ஃபோனுக்கு முகம் தெரியாத பெரிய மனுஷங்க அனுப்பற மெசேஜ் எல்லாம் இருக்கே, சில சமயம் பாக்கவே கூசும். உங்க பையன் எந்த பிளேயருக்கும் அப்படி ஒண்ணும் அனுப்பாம பாத்துக்கங்க, புகழ்ந்து கூட வேணாம்.

சட்டம் அனுமதிக்குது, பையன் போறான். 2021 ஜூலைலேர்ந்து பசங்க தன் பேரை வெச்சு சம்பாதிக்கலாம், 2025லேர்ந்து காலேஜே நேரா காசு குடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். எத்தனை தடவை மாறினாலும் ஒரு வருஷம் பெஞ்ச்ல உக்காரணும்ங்கற பழைய விதியும் போச்சு. அதனால டிசம்பர்ல கையெழுத்து போடற பன்னெண்டாவது பையன் மேல வெக்கிற நம்பிக்கைக்கு ஆயுசு இப்ப ரொம்ப கம்மி. இண்டியானா இதைத்தான் முதல்ல புரிஞ்சுக்கிட்டாங்க. 2023ல 3-9. கோச்சா கர்ட் சிக்னெட்டி வந்தார், ஜேம்ஸ் மேடிசன் காலேஜ்ல தன்கிட்ட ஆடுன பசங்களைக் கூட்டமா கூட்டிட்டு வந்தார், ஸ்கூல் பசங்களை விட ஏற்கனவே காலேஜ்ல மூணு நாலு வருஷம் ஆடிக் காட்டுன ஆளா பாத்து எடுத்தார். குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா ஸ்கூல்ல இருந்தப்போ பெரிய காலேஜ் யாரும் கண்டுக்காத பையன், யேல்ல சேர்றதா இருந்தவன், கடைசில கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி போயி அங்கேர்ந்து இண்டியானா வந்தான், வருஷத்தோட சிறந்த பிளேயருக்கான ஹைஸ்மன் டிராஃபி வாங்குனான். 2025 சீசன்ல 16-0, ஃபைனல்ல மயாமியை மயாமியோட சொந்த ஸ்டேடியத்துலயே 27-21. அந்தப் பாதிக்கு மேல ஸ்டார் கணக்கு அன்னைக்கு உடைஞ்சுது. சும்மா நடக்கல, பணம் இருந்துச்சு, ஆனா பணம் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்கிட்டயும் இருந்துச்சே.

இதுல நெப்ராஸ்காவுக்கு ஒரு கொடுமை இருக்கு, அதை யாரும் பெருசா பேசல. 2025 விதிப்படி 85 ஸ்காலர்ஷிப்ங்கற வரம்பை எடுத்துட்டு டீம்ல மொத்தமே 105 பேர்தான்னு வெச்சாங்க. மத்த டீமுக்கு இது லாபம், ஸ்காலர்ஷிப் கூடுது. நெப்ராஸ்காவுல வாக்-ஆன் பசங்க கூட்டத்தோட சேத்து நூத்தி முப்பதுக்கு மேல எல்லாம் வெச்சிருந்தவங்க. அவங்களை ஆளாக்குன அந்தப் பண்ணை ஊர்ப் பையனுக்குத்தான் இப்ப இடம் சுருங்கிப் போச்சு. ஆஸ்போர்ன் காலத்து வழிக்கு திரும்பணும்னு உங்க ஆபீஸ்ல யாராவது சொன்னா இதைக் கேளுங்க, எப்படி திரும்புவீங்கன்னு.

இப்ப நெப்ராஸ்கா கோச்சா இருக்கற மேட் ரூல் தேறுவாரா? 2023ல 5-7, அப்புறம் ரெண்டு வருஷமும் 7-6. மோசம் இல்ல, ஆனா மேல ஏறல. என் அபிப்பிராயம், உங்க பையன் குவார்ட்டர்பேக் எவன் வரான்னு பாக்கறதை விட்டுட்டு லைன்மேன்களைப் பாக்கட்டும். போன ரெண்டு வருஷம் சேந்த பசங்கள்ல எத்தனை பேர் இன்னும் இங்கயே இருக்காங்க, போர்ட்டல்ல வந்த லைன்மேனுக்கு வயசு என்ன, முன்னாடி இருந்த இடத்துல எத்தனை மேட்ச் ஆடியிருக்கான், இந்த மூணையும் ஒரு நோட்ல எழுதிட்டு வரச் சொல்லுங்க. லஞ்ச் டேபிள் ஆளுங்களை விட அவனுக்கு நல்லா தெரியும்.

ஐயோவா மேட்சுக்கு தாராளமா போங்க. 2025ல லிங்கன்ல 40-16ன்னு வாங்குனாங்க, இந்தத் தடவை ஐயோவா சிட்டில, ஒமாஹாலேர்ந்து ஐ-80ல நேரா நாலு மணி நேரம். முதல் குவார்ட்டர் முடிஞ்சதும் மொத்த ஸ்டேடியமும் திரும்பி பக்கத்துல இருக்கற குழந்தைகள் ஆஸ்பத்திரியைப் பாத்து கை ஆட்டுவாங்க, அதை அவன் நேர்ல பாக்கணும். தாங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள்தான் எப்பவும் இந்த மேட்ச் வரும், தேதியைப் பாத்துட்டு ஹோட்டல் ரூமை இப்பவே போட்டுடுங்க, குளிருக்கு ரெண்டு அடுக்கு உள்ள போட்டுக்கங்க, சிவப்பு ஜெர்சி வேணும்னா அதுக்கு மேல.